விலா எலும்புக்குத் தகடு: யாருக்கு, எப்போது?

நெஞ்சில் அடிபட்டு விலா எலும்புகள் முறிந்த நிலையில் வருபவர்களின் உறவினர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "டாக்டர், பிளேட் வைத்துவிடலாமா?" என்பதுதான். முறிந்த விலாவை உலோகத் தகடும் திருகும் வைத்து இணைக்கும் அறுவை சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மயக்கவியல் மருத்துவன் என்ற முறையில் இதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. நெஞ்சுக்கூடு தளர்ந்து வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்த அறுவை சிகிச்சையை யோசித்து யோசித்துக் காலம் தாழ்த்துகிறோம். தானாகவே நன்றாக மூச்சு விடுபவருக்கோ தேவைக்கு மேல் பரிந்துரைக்கத் தொடங்கியிருக்கிறோம்.

கை கால் முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை மூச்சோடு சேர்ந்து அசையும் விலா எலும்புக்கு அந்த ஓய்வு கிடையாது. நெஞ்சைச் சுற்றி இறுக்கமாக பெல்ட் கட்டுவதும் நல்லதல்ல. அது நுரையீரல் விரிவதைத்தான் தடுக்கும். முறிவைவிட, அதைத் தொடர்ந்து வருவதே ஆபத்து: வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார், சளி தேங்கும், நியூமோனியா வரும். 65 வயதைக் கடந்தவர்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கூடுதலாக முறியும் ஒவ்வொரு விலாவுக்கும் இறப்பு அபாயம் 19 சதவீதமும் நியூமோனியா அபாயம் 27 சதவீதமும் உயர்வதாகக் கணக்கிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்த தாத்தாவின் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு அழைத்துச் செல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியாத பல முறிவுகள் சி.டி. ஸ்கேனில்தான் தெரியும்.

அடுத்தடுத்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்தால், அந்தப் பகுதி மட்டும் கூட்டிலிருந்து தனித்துவிடும். இதை ஃபிளெயில் செஸ்ட் என்கிறோம். சட்டையை விலக்கிப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், மூச்சை இழுக்கும்போது மார்பு முழுவதும் எழ, அந்த ஓரிடம் மட்டும் உள்ளே அமிழும். கையை வைத்தால் எலும்பு நுனிகள் உரசுவது விரலுக்குத் தெரியும். ஒரு காலத்தில் கவ்விகளால் விலாவைப் பிடித்து, எடை கட்டி வெளிப்புறமாக இழுத்து வைத்தார்கள். 1950-களில், வென்டிலேட்டரின் காற்றழுத்தமே உள்ளிருந்து கூட்டைத் தாங்கும் என்ற எண்ணம் வேரூன்றி, இவர்களை வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் வைப்பது வழக்கமாயிற்று. எலும்பைவிட அதன் அடியில் நசுங்கிய நுரையீரலே பெரிய சிக்கல் என்பதும், எல்லோருக்கும் வென்டிலேட்டர் வேண்டியதில்லை என்பதும் 1970-களில்தான் உறைத்தது.

தகடு வைப்பதற்கான வலுவான ஆதாரம் இந்த ஃபிளெயில் செஸ்ட் நோயாளிகளிடமிருந்தே வந்தது. ஜப்பானில் 37 பேரை வைத்து நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள்; நியூமோனியாவும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் 207 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது வென்டிலேட்டர் இல்லாத நாட்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சேரும்போதே வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம்தான் பலன் தெரிந்தது. வென்டிலேட்டர் தேவைப்படாதவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்விலோ மூன்று மாதம் கழித்து வலியில் வேறுபாடே இல்லை. (வேலைக்குத் திரும்புவதில் சற்று அனுகூலம் தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

செய்வதென்றால் முதல் 72 மணி நேரத்துக்குள் செய்வதே நல்லது. நாட்கள் கடந்தால் இரத்தம் உறைந்து, திசு இறுகி, முறிந்த முனைகளை நேராகப் பொருத்துவது கடினமாகிவிடும். வென்டிலேட்டரிலிருந்து எடுக்க இரண்டு முறை முயன்று தோற்று, தொண்டையில் துளையும் போட்ட பிறகு அறுவை நிபுணரை அழைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. எல்லா விலாக்களுக்கும் தகடு தேவையில்லை; பெரும்பாலும் மூன்றாவது முதல் பத்தாவது வரையுள்ளவற்றில், கூட்டின் உறுதியைத் திருப்பித் தரக்கூடிய சிலவற்றுக்கு டைட்டேனியம் தகடும் திருகும் போதும். தலையில் பலத்த காயம் இருந்தாலோ நுரையீரல் மிக மோசமாக நசுங்கியிருந்தாலோ பலன் குறையும். அங்கே பொறுத்திருப்பதில் நியாயம் உண்டு.

தானாக மூச்சு விடுபவருக்கு முதல் சிகிச்சை வலியைத் தீர்ப்பது. எபிடியூரல் (முதுகுத்தண்டுக்கு அருகே மெல்லிய குழாய் வைத்து வலி மருந்து செலுத்துவது), அல்லது முதுகுத் தசைக்கு அடியில் ஸ்கேன் பார்த்துச் செலுத்தும் நரம்புத் தடை ஊசி, அதனுடன் பிசியோதெரபி. மூச்சை இழுத்துப் பந்துகளை எழுப்பும் பயிற்சிக் கருவியான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரில் காலையில் ஒரு பந்தைக்கூட எழுப்ப முடியாத பெரியவர், ஊசி போட்ட பிறகு மாலையில் இரண்டு பந்துகளை எழுப்பி, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பலமாக இருமுவதை அடிக்கடி பார்க்கிறேன். தகட்டுக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்குதான் இதற்கு ஆகும். இதைச் சரியாகச் செய்தும் மூச்சு தேறவில்லை, அல்லது எலும்புகள் வெகுவாக விலகி வலி அடங்கவில்லை என்றால், அப்போது தகட்டைப் பற்றிப் பேசலாம். அந்தப் பேச்சும் மூன்றாம் நாளுக்குள் முடிந்துவிட வேண்டும்.

ஆகவே உறவினர்கள் முதல் நாளே கேட்க வேண்டியவை இரண்டு: வலிக்கு மாத்திரையைத் தவிர வேறு என்ன செய்கிறீர்கள்? வென்டிலேட்டரில் இருப்பவர் என்றால், அறுவை நிபுணர் பார்த்துவிட்டாரா?