புத்தகத்தின் முதுகிலிருந்த எண்ணை ஏன் கிழித்தீர்கள்?

அந்தப் போட்டோவை நேற்று மட்டும் ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் கிளை நூலகத்து அலமாரிகள், சிவப்பு அட்டையில் தொடங்கி ஊதா வரை வானவில் மாதிரி. "எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்கிறார்கள். நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். நிறம் பார்த்து அடுக்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். படத்தில் அசிங்கமாகத் தெரிகிறதென்று முதுகில் ஒட்டியிருந்த எண் சீட்டுகளையும் கிழித்திருக்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தச் சீட்டுதான் ஒரு புத்தகத்தின் விலாசம். யாரோ உட்கார்ந்து, புத்தகத்தைப் புரட்டி, இது எதைப் பற்றியது என்று யோசித்து எழுதியது.

நான் பிளஸ் டூ படித்தபோது எங்கள் தோப்பில் தென்னை மட்டைகள் கத்தரித்த மாதிரி வெட்டுப்பட்டு விரிய ஆரம்பித்தன. அப்பா மருந்து வைத்துப் பார்த்துச் சலித்துவிட்டார். தென்னை சாகுபடி பற்றி ஒரு புத்தகம் கேட்டு நூலகத்துக்குப் போனேன். அப்போதிருந்த நூலகர் ஐயா விவசாய அடுக்கைக் காட்டிவிட்டு, "பக்கத்துல இருக்கறதையும் பாரு தம்பி" என்றார். பக்கத்தில் ஒல்லியாக ஒரு புத்தகம், தென்னைப் பூச்சிகள் பற்றி. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும், அதன் புழு எருக்குழியில் வளரும் என்று அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து எருக்குழியைக் கிளறினோம். வெள்ளை வெள்ளையாகப் புழு.

அந்த ஒல்லிப் புத்தகம் பச்சை அட்டை. நான் கேட்டுப் போனது மஞ்சள் அட்டை. இன்றைக்கு அவை வேறு வேறு அலமாரிகளில் இருக்கும்.

தொடர்புள்ளது தொடர்புள்ளதன் பக்கத்தில் இருக்க வேண்டும். வகைப்பாடு என்பது இவ்வளவுதான். ஆனால் இந்த "இவ்வளவுதான்" சுலபமில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே நட்டு போல்ட்டு, ஆனால் விதவிதமாகக் கட்டலாம். அதிலிருந்து பிறந்த யோசனைதான் 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. எந்தப் பயிர், அதில் எந்த உறுப்பு, என்ன கேடு, எந்த ஊர், எந்தக் காலம் என்று புத்தகத்தைக் கேட்டுக்கேட்டு, பதில்களை எண்களாக்கி முக்காற்புள்ளியால், அதாவது ஆங்கிலத்தில் கோலன் என்கிற குறியால், கோக்கிறது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்துக்குள் எந்த அறிவுத்துறையையும் பிரித்துப் பார்க்க முடியும் என்றார் அவர். உலகமெங்கும் நூலகவியல் வகுப்புகளில் இதைச் சொல்லித் தருகிறார்கள். அவர் பிறந்த மண்ணில் நாம் சீட்டைக் கிழிக்கிறோம்.

"எல்லாம் கம்ப்யூட்டரில் தேடிக்கொள்ளலாமே" என்பார்கள். புத்தகம் இருக்கிறது என்று திரை சொல்லும். எழுந்து எந்த அலமாரிக்கு நடப்பது? சரி, அதை விடுங்கள்.

"குழந்தைகள் ஆசையாக வருகிறார்களே." வரட்டும், எனக்கும் சந்தோஷம்தான். சுவருக்கு வண்ணம் அடியுங்கள், எண்ணுக்கு மேலே கலர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், நானே வாங்கித் தருகிறேன். எண்ணை விட்டுவைத்திருக்கலாம்.

வகைப்பாடே பாரபட்சமானது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இதை மட்டும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். புத்தகங்களைத் துறைவாரியாக எண் போட்டு அடுக்கும், 1876-இல் வந்த டூயி தசமமுறையில் 220 முதல் 280 வரை கிறித்தவத்துக்கு, மற்ற மதங்கள் எல்லாம் 290-க்குள் நெருக்கியடித்துக்கொண்டு. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று முழு எண். நம் தமிழ் இலக்கியம் 894.811, புள்ளிக்குப் பின்னால். எனக்கும் வலிக்கிறது. ஆனால் அந்த அநியாயத்தைச் சுட்டிக்காட்டவே அங்கே ஓர் எண் தேவைப்படுகிறது. சரியில்லையென்றால் திருத்தலாம். ரங்கநாதன் வேறு முறையையே உருவாக்கினார்.

எண் போட்டு வகுப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்றும் சொல்லாதீர்கள். அகநானூற்றைத் தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்துப் பத்தாக வருவது நெய்தல். பாட்டைப் படிக்கும் முன்பே எண் திணையைச் சொல்லிவிடும். நானூறு பாட்டை அப்படிக் கோத்த மரபு நம்முடையது. அதில் யாருக்கும் அழகு குறைந்ததாகத் தெரியவில்லை.

"வாசகரின் நேரத்தைச் சேமி" என்பது ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது. நேற்று நான் நிற்கும்போது ஒரு பையன் மின்சுற்று பற்றிப் புத்தகம் கேட்டான். அங்கே இருந்தவர், "அட்டை என்ன கலர் தம்பி?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவரிடம் வேறு என்ன இருக்கிறது? பையன் கொஞ்ச நேரம் சுற்றிச்சுற்றி வந்துவிட்டுப் போய்விட்டான்.

இதில் அழகைப் பற்றிய சண்டையே கிடையாது. நூலகர் என்றால் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து முத்திரை குத்துபவர் என்று நினைத்துவிட்டோம். அவர் படித்த படிப்பும் யோசித்த யோசனையும் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு அங்குலச் சீட்டில்தான். எங்கள் ஐயா கறுப்பு மசியில் ஒவ்வொன்றாக எழுதி, பசை தடவி, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருப்பார். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். அந்தப் போட்டோ அவருக்கும் போயிருக்கும். போன் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

நூலகத்தின் பழைய பதிவேடு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது, கேட்டுவிட்டேன். புத்தக எண்கள் அதில் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சீட்டும் பசையும் வாங்கிக்கொண்டு போகிறேன், அனுமதியும் கேட்டிருக்கிறேன். முதலில் விவசாய அடுக்கு. கையெழுத்து நன்றாக இருப்பவர்கள் யாராவது வாருங்கள்.