மரைன் இசைக்குழு பிறந்தது 1805-இல் அல்ல
1805-இல் சிசிலியிலிருந்து வந்த இத்தாலியர்களே அமெரிக்க மரைன் (கடல்சார் போர்ப்படை) இசைக்குழுவைத் தோற்றுவித்தார்கள் என்று அந்தக் குழுவைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வது சரியல்ல. 1798-லேயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் சட்டத்தால் பிறந்த குழு அது. 1801 புத்தாண்டு நாளில் அதிபர் மாளிகையில் வாசித்தும் இருக்கிறது. அதிபர் ஜெஃபர்சன் ஆட்சியில் கேப்டன் ஜான் ஹால் சிசிலியின் கட்டானியா நகரில் இசைக்கலைஞர்களைச் சேர்த்து, கயட்டானோ கருசி தலைமையில் கப்பலேற்றி வந்தது உண்மைதான். ஆனால் வந்தவர்கள் பட்ட பாட்டைக் கட்டுரை தொடவே இல்லையே! மரைன் படைத்தலைவர் வார்ட்டனுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. வாஷிங்டனோ, கருசியின் கண்ணுக்கு இரண்டு மூன்று மதுக்கடைகளும் சிதறிய குடிசைகளும் கொண்ட பாலைவனமாகத் தெரிந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று பல ஆண்டுகள் கழித்தும் அவர் காங்கிரஸிடம் மனுப் போட்டுக்கொண்டிருந்தார். இத்தாலியச் செல்வாக்கைப் பேசுவதென்றால் நேப்பிள்ஸில் பிறந்த கிளாரினெட் கலைஞர் பிரான்சிஸ் ஸ்காலாவையல்லவா முன்னே வைக்க வேண்டும்? 1855 முதல் 1871 வரை, லிங்கன் காலம் உட்பட, குழுவை நடத்தியவர் அவர். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், பின்னாளில் இதே குழுவை நடத்திய ஜான் பிலிப் சூசாவையும் இத்தாலியர் பட்டியலில் சேர்த்திருக்கிறார். பெயரின் ஓசை ஏமாற்றிவிட்டது போலும். சூசாவின் தந்தை போர்ச்சுகீசிய வழியினர், தாய் ஜெர்மானியர்.