சனிக்கிழமைச் சம்பளம்

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை இருக்கும். பட்டுவாடா முடிந்து, மிச்சமிருந்த சில்லறையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருப்பூரில் பவர்டேபிள், அதாவது கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட், வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வாரத்தில் மூச்சு விடுகிற நேரம் அது ஒன்றுதான். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். பார்த்தால் நம்ம கோல்கீப்பர் பையன்.

பெயர் வேண்டாம். நாலு வருசத்துக்கு முன்னால் என்னிடம் செக்கிங் டேபிளில், தைத்த துணியில் குறை பார்க்கிற வேலையில், இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப்புக்கு கோல்போஸ்டில் நிற்பான். உயரம் சுமார்தான். ஆனால் கார்னர் பந்து வந்தால் கூட்டத்துக்குள் புகுந்து இரண்டு கையாலும் பறித்துக்கொண்டு வந்துவிடுவான். போன வருசம் வெளிமாநிலத்துக் கிளப் ஒன்று கூப்பிட்டது. மாதம் இருபத்தையாயிரம், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். புது கிளவுஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன்.

"அண்ணா, பழைய வேலை காலியா இருக்குங்களா?" என்றான்.

உட்கார வைத்து டீ சொன்னேன். செல்போனை எடுத்து பேங்க் கணக்கைக் காட்டினான். முதல் மாதம் இருபத்தையாயிரம் முழுசாக வந்திருந்தது. இரண்டாவது மாதம் பன்னிரண்டாயிரம். அதற்கப்புறம் அவனுடைய அக்கா அவ்வப்போது போட்ட ஆயிரமும் இரண்டாயிரமும்தான். இப்படி நாலரை மாதம். "வாய் விட்டுக் கேட்கலையா கண்ணு?" என்றேன். "கேட்டவனை அடுத்த மேட்ச்ல வெளிய உட்கார வெச்சுட்டாங்கண்ணா. ஆடாம இருந்தா அடுத்த சீசனுக்கு எவன் கூப்பிடுவான்?" என்றான். கிளவுஸைக் கேட்டேன். விரல் நுனியெல்லாம் பிய்ந்து, பிளாஸ்திரி சுற்றி வைத்திருந்தான்.

ஒரு வாரமாக இதையே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

நம்ம ஊரில் தொழில் செய்கிறவனுக்குச் சனிக்கிழமை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்போர்ட்காரர் பில்லை இழுத்தடிப்பார், நூல் விலை ஏறும், கரண்ட் பில் வந்து நிற்கும். எது எப்படிப் போனாலும் ஓவர்லாக் அடிக்கிற அம்மணி கைக்குச் சனிக்கிழமை பணம் போயாக வேண்டும். சட்டத்துக்குப் பயந்து கொடுக்கிறோம் என்று பெருமை பேச மாட்டேன். சட்டம் இல்லாமல் இல்லை. சம்பளப் பட்டுவாடாவுக்கென்று 1936-லேயே சட்டம் போட்டார்கள்; மாதச் சம்பளம் என்றால் மாதம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் எங்களை மிரட்டுகிற சட்டம் அது இல்லை, அடுத்த சந்துதான். இந்த வாரம் பணம் தராவிட்டால் திங்கட்கிழமை என் மிஷின் காலியாக இருக்கும். ஆள் அடுத்த சந்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்.

ஃபுட்பால் ஆடுகிற பையனுக்கு அந்த அடுத்த சந்து கிடையாது. அவன் பெயர் ஒரு கிளப்பில் பதிவாகியிருக்கும். அவர்கள் விடுவித்தால்தான் இன்னொரு இடம். அதற்கும் டிரான்ஸ்ஃபர் காலம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அந்தச் சில வாரத்தில்தான் மாற முடியும். உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவின் விதியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. 2018-ல் சேர்த்தது: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்துவிட்டு, அப்போதும் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். இதைப் பையனிடம் சொன்னேன். "நோட்டீஸை இங்கிலீஷ்ல யாருங்கண்ணா எழுதித் தருவா?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

இவன் ஒருத்தன் கதை என்று நினைக்காதீர்கள். வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 தொழில்முறை வீரர்களிடம் கேட்டது. அதில் 41 சதவீதம் பேர் அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமான அனுபவம் உண்டு என்றார்கள். நாம் டிவியில் பார்க்கிற கோடீஸ்வரன் கைவிரல் எண்ணிக்கை. மீதி எல்லாம் நம்ம கோல்கீப்பர்தான்.

மேல் மட்டத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? 2025 ஆகஸ்டில் 'சென்னையின் எஃப்.சி.' என்ற கிளப் தன் சீனியர் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. பெங்களூரு எஃப்.சி. வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. இவர்கள் ஆடுகிற நாட்டின் மேல்மட்ட லீக்கான ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்றே தெரியாத நேரம். மச்சு வீடே ஒழுகும்போது ஓலைக் குடிசையைப் பற்றி என்ன பேச.

இப்போது 2019 மார்ச் 9-க்கு வருகிறேன். கோவைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் ஒரு சனிக்கிழமை. பட்டுவாடாவை மத்தியானமே முடித்துவிட்டு, பையன்கள் ஆறு பேரை ஆம்னி வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வ.உ.சி. பூங்கா பக்கத்து நேரு ஸ்டேடியத்துக்கு ஓடினேன். நாடு முழுக்க கிளப்புகள் ஆடுகிற ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி.க்கும் மினர்வா பஞ்சாப்புக்கும் ஆட்டம். (பெயரில் சென்னை, ஆடுவது கோயம்புத்தூர். நமக்கு அதெல்லாம் பிரச்சனை இல்லை, நம்ம ஊரில் ஆடினால் நம்ம டீம்.) உட்கார்ந்த மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் போட்டுவிட்டது. ஸ்டேடியத்தில் பாதிப் பேர் கண் செல்போனில். கோப்பைக்கு நம்மோடு போட்டியில் இருந்த ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் என்ன செய்கிறது என்று. அப்புறம் நம்ம டீமின் பெட்ரோ மன்ஸி ஒரு பெனால்டி, கௌரவ் போரா இரண்டு கோல், 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் 43-க்கு 42, ஒரே ஒரு புள்ளியில் கோப்பை நமக்கு. தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் வாய் திறக்க முடியவில்லை. அந்த வருசமே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. இனி நம்ம ஊர்தான் என்று வேனில் வந்த ஆறு பையன்களும் நம்பினார்கள். நானும்தான்.

2020-21 சீசனோடு அந்தப் பெயர் ஐ-லீக்கில் இல்லாமல் போயிற்று. கோப்பை வாங்கி இரண்டே வருசம். யார் தப்பு என்று பஞ்சாயத்து பேச நான் வரவில்லை, உள்விவகாரம் பேச எனக்கு அருகதையும் இல்லை. எனக்கு உறுத்துவது என் விஷயம். அன்றைக்கு ஸ்டேடியத்தில் மன்ஸி அந்த சீசனில் எத்தனை கோல் போட்டிருக்கிறார் என்று கேட்டால் சொல்லியிருப்பேன், 21. வீரர்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறதா, அது எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தர்கூட யாரிடமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, சம்பளம் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவன்.

ஜவுளிக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம். பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரில் ஜே.சி.டி. என்று ஒரு மில். அந்த மில்லின் டீம்தான் 1996-97-ல் நாட்டின் முதல் தேசிய லீக்கை ஜெயித்தது. 2011-ல் கலைத்துவிட்டார்கள். முந்தைய வருசம் மஹிந்திரா யுனைடெட், அதுவும் தேசிய லீக் ஜெயித்த டீம். முதலாளி நினைத்தால் டீம், நினைப்பு மாறினால் டீம் இல்லை. ஒரே ஆளிடம் ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைக்கிற வேலை) வாங்கி வண்டி ஓட்டுகிற யூனிட்டுக்கு என்ன கதியோ அதேதான்.

வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்கிற நண்பர்களுக்கு பரி என்ற ஊரைக் காட்டுகிறேன். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில், நம்மைப் போலவே பஞ்சும் நூலும் பார்த்துப் பிழைத்த ஊர். 1885-ல் ஆரம்பித்த கிளப், அந்த நாட்டின் பெரிய கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை 1900-லும் 1903-லும் ஜெயித்தது. 2018 டிசம்பரில் அந்தக் கிளப் கைமாறிய விலை ஒரு பவுண்டு. அன்றைக்கு நம்ம காசில் நூறு ரூபாய்கூட வராது. அடுத்த சில மாதத்தில் வீரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. சம்பளம் வராமலேயே ஆடி மேல் பிரிவுக்கு ஏறினார்கள் என்பதுதான் கொடுமை. ஏறி என்ன, 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அந்தக் கடைசி நாட்களில் ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாகப் போய் கிக் லேன் ஸ்டேடியத்தைக் கழுவினார்கள், எப்படியும் மேட்ச் நடக்கும் என்று. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2023-ல் மறுபடி அதே மைதானத்தில் ஆட வந்தார்கள், பல படி கீழே.

விதி இல்லாமல் இல்லை. இங்கிலாந்து லீக்கின் மூன்றாவது பிரிவில் வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் வீரர் சம்பளத்துக்குப் போகக் கூடாது என்று வைத்திருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலாளி தன் பையிலிருந்து கிளப்புக்குக் கொடுக்கிற பணத்தையும் வருமானம் என்றே கணக்கில் காட்டலாமாம். மாமனாரிடம் வாங்கின கைமாத்தை லாபம் என்று நோட்டில் எழுதினால் எங்கள் ஆடிட்டர் கன்னத்தில் அறைவார்.

இன்னொன்றும் அங்கே உண்டு, அது எனக்குப் பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. கிளப் திவாலானால் வீரர்கள் பாக்கியையும் மற்ற கிளப்புகள் பாக்கியையும் முழுசாகத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் லீக்கில் இடம் இல்லை. வீரனுக்குப் பாதுகாப்பு, சரி. ஆனால் துணி துவைத்தவர், மைதானத்து ஓரத்தில் ஆம்புலன்ஸோடு நின்ற தொண்டு அமைப்பு, இவர்களெல்லாம் ரூபாய்க்குச் சில காசு வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எங்கள் ஊரில் கம்பெனி படுத்தால் ஜாப் ஒர்க் காரன் நிலைமை அப்படியே. அனுபவித்தவன் சொல்கிறேன்.

அடுத்த சந்து என்றேன் அல்லவா, நம்ம பையன்களுக்கு அப்படி ஒன்று வாளையார் தாண்டி கேரளாவுக்குள் போனால் இருக்கிறது. பாலக்காடு, மலப்புறம் பக்கத்து செவன்ஸ், டீமுக்கு ஏழு பேர் ஆடுகிற ஃபுட்பால். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கேலரி கட்டி, லைட் போட்டு, டிக்கெட் வைத்து ஆடுகிறார்கள். ஃபெடரேஷன் அங்கீகாரம் கிடையாது, காலை உடைத்துக்கொண்டால் கேட்பாரில்லை, பெரிய கோச்சுகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் நம்ம பையன்கள் போய்விட்டு வந்து சொல்வது ஒன்றுதான்: ஆட்டம் முடிந்து ஜெர்ஸியைக் கழற்றுவதற்குள் கவர் கைக்கு வந்துவிடுகிறது. கேட்டில் டிக்கெட் விற்ற காசு, அன்று ராத்திரியே வீரன் கையில். அங்கீகாரம் உள்ள இடத்தில் கிடைக்காத மரியாதை அது.

சரி, ஊரைச் சொன்னது போதும். நான் பொருளாளராக இருக்கிற எங்கள் கிளப்புக்கு வருகிறேன். பதினெட்டுப் பேர். மைதான வாடகை, பந்து, டோர்னமென்ட் நுழைவுக் கட்டணம், வண்டி வாடகை, ரெஃப்ரிக்குக் கொடுப்பது. வரவு என்றால் மாதச் சந்தாவும், எப்போதாவது ஜெயிக்கிற பரிசுப் பணமும். ஸ்பான்சர் என்று வருகிற அண்ணன்மார் எல்லாரும் ஜெர்ஸி தருவார்கள். திருப்பூரில் ஜெர்ஸிக்கு என்னங்க பஞ்சம்? முன்னால் ஒரு கம்பெனி பெயர், முதுகில் ஒரு கம்பெனி பெயர், ஆளுக்கு ஐந்து செட் வீட்டில் கிடக்கிறது. போன நோம்பிக்கு எங்கள் சென்டர் பேக்கின் அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். காசாகக் கேட்டால் மட்டும் "பார்க்கலாம் தம்பி" என்பார்கள். டிக்கெட் வைத்தும் பார்த்தோம், இருபது ரூபாய். சுவர் ஏறிக் குதித்தவர்கள்தான் அதிகம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு டோர்னமென்ட் ஃபைனலுக்கு ஈரோட்டிலிருந்து மூன்று பையன்களைக் கூப்பிட்டோம். ஆளுக்கு இரண்டாயிரம் என்று பேச்சு. ஒரு அண்ணன் தருவதாகச் சொல்லியிருந்த தைரியத்தில் நான் வாக்குக் கொடுத்தேன். தோற்றோம். அண்ணன் போனை எடுக்கவில்லை. பையன்களிடம் "அடுத்த வாரம்" என்றேன். அப்புறம் இன்னொரு அடுத்த வாரம். தீபாவளி வந்துதான் கொடுத்து முடித்தேன். ஆறாயிரம் ரூபாய்! அந்தச் சனிக்கிழமைகளில் என் கம்பெனியில் ஒரு ஆளுக்கும் பத்து ரூபாய் பாக்கி இல்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: தையல் மிஷின் காலியாகிவிடும் என்று பயந்தேன், பையன்கள் எங்கே போய்விடுவார்கள் என்று அசட்டையாக இருந்தேன். அந்த மூவரில் ஒருவன் இப்போதும் பார்த்தால் வணக்கம் சொல்வான், ஆனால் எங்களுக்கு ஆட வர மாட்டான்.

கிளப்புகள் இப்படித் தடுமாறுவதைப் பார்த்து, வீரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு வை என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கிலாந்தில் 1901-லேயே வாரத்துக்கு 4 பவுண்டு என்று உச்சவரம்பு கட்டி, அது ஏறி ஏறி 20 பவுண்டில் நின்று, 1961-ல்தான் எடுத்தார்கள். அறுபது வருசம் சுரண்டினதுதான் மிச்சம். இருபத்தையாயிரம் அதிகமா, குறைவா என்பதில் என்ன இருக்கிறது? கொடுக்கிற தேதி எது என்பதுதான் பேச்சு. எட்டாயிரம்தான் முடியும் என்றால் எட்டாயிரம் சொல்லு, பகலில் வேறு வேலைக்குப் போகட்டும், காலை ஐந்தரைக்குப் பயிற்சி வை. இங்கிலாந்திலேயே ஆறாவது பிரிவுக்குக் கீழே பெரும்பாலும் பிளம்பரும் வாத்தியாரும்தான் ஆடுகிறார்கள், யாரும் கேவலமாக நினைப்பதில்லை. நம்ம நாட்டில் முன்பு பேங்க், ரயில்வே என்று வேலை கொடுத்து ஆட வைத்ததும் இதே யோசனைதான். முப்பதாயிரம் என்று போஸ்டர் அடித்துவிட்டு மூன்றாவது மாதம் போனை அணைத்து வைப்பவரைவிட, மேட்சுக்கு ஐந்நூறு என்று சொல்லி ஐந்நூறைக் கையில் வைக்கிறவர் எனக்குப் பெரிய மனிதர்.

லீக் நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம். வீரனைப் பதிவு செய்ய வரும்போதே மூன்று மாதச் சம்பளத்தை டெபாசிட்டாகக் கட்டச் சொல்லலாம். கட்ட முடியாதவர் அந்தச் சம்பளத்தைப் பேசவே கூடாது. "அப்படிச் செய்தால் பாதி கிளப் வராது" என்றார் ஒரு நிர்வாகி என்னிடம். வர வேண்டாமே. நாலு டீம் லீக் நடக்கட்டும்.

பையன் திங்கட்கிழமை செக்கிங் டேபிளுக்கு வந்துவிட்டான். வந்த அன்றே இரண்டு டஜன் டேமேஜ் பிடித்தான், கண் இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது. நோட்டீஸுக்கு ஒரு வக்கீல் தம்பி உதவுகிறேன் என்றிருக்கிறார். நண்பர்களில் யாருக்காவது இந்த விவகாரத்தில் பழக்கம் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.

இதை டைப் செய்துகொண்டிருக்கும்போது ஒரு அண்ணன் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு நாற்பது ஜெர்ஸி தருகிறாராம், புது டிசைனாம். "அண்ணா, ஜெர்ஸி வேண்டாங்க, அந்தக் காசைக் கொடுத்துருங்க, கீப்பருக்குக் கிளவுஸ் வாங்கணும்" என்றேன். பார்க்கலாம் தம்பி என்றார்.