ரெட் அலர்ட் என்றால் என்ன செய்ய வேண்டும்?

அக்டோபர் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் எல்லாரும் எல்லாருக்கும் "அலர்ட்டா இருங்க" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறோம். தொலைக்காட்சி சொல்கிறது, வாட்ஸ்அப் குழு சொல்கிறது, மாடி வீட்டு அக்கா சொல்கிறார். எதற்காக, எந்த ஊரில், எத்தனை மணியிலிருந்து, என்ன செய்துகொண்டு உஷாராக இருக்க வேண்டும் என்று சொல்பவர்கள்தான் குறைவு. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

வானிலை ஆய்வு மையத்தின் நிறங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. முதன்மையாக மாவட்ட நிர்வாகத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் துறைக்கும் சொல்லப்படும் செய்தி இது. மக்களிடம் வந்து சேரும்போது செயல் கழன்றுபோய் நிறம் மட்டும் மிஞ்சுகிறது. "ரெட் அலர்ட்டா? அப்போ நாளைக்கு லீவா?" என்று பிள்ளைகள் கேட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாம் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

2018 அக்டோபர் 7ஆம் தேதிக்குத் தமிழ்நாட்டுக்கு ரெட் அலர்ட் என்றார்கள். ஊரெல்லாம் ஒரே பதற்றம். எதிர்பார்த்த மழை பெரும்பாலான இடங்களில் வரவில்லை. அப்புறம் பல நாள் கேலிதான். அடுத்த மாதமே, நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. ஒரு முறை பொய்த்த எச்சரிக்கையை வைத்து அடுத்ததை அளக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சிவப்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் எல்லாமே அதி கனமழை. மழையைப் பொறுத்தவரை சிவப்பு பெரும்பாலும் இந்தக் கடைசி வகைக்குத்தான். இதற்குக் கீழ் எல்லை உண்டு, மேல் எல்லை கிடையாது. 2023 டிசம்பர் 17-18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் ஒரே நிறம், ஒரே சொல். முன்னது தெருவில் முழங்கால் தண்ணீராக முடியலாம், பின்னது குளங்களை உடைத்து ஊரையே துண்டிக்கும். அதனால்தான் நிறத்தோடு நின்றுவிடக் கூடாது, கூடவே எங்கே, என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வாக்கியம் வேண்டும் என்கிறேன்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நிறத்துக்கு முன்பே எண் பழக்கம். "3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்ற செய்தியைக் கேட்டு வளராதவர்கள் கடலூரிலும் பாம்பனிலும் கிடையாது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளுமாகத் துறைமுகக் கொடிமரத்தில் ஏறும் இந்த அடையாளங்கள் கப்பல்களுக்காக வந்தவை. எண் கூடக் கூட ஆபத்து படிப்படியாகக் கூடுவதாகத்தான் நம்மில் பலரும் நினைக்கிறோம். 1, 2 தொலைவில் உள்ள ஆபத்து, 3, 4 துறைமுகத்தை நெருங்கும் மோசமான வானிலை என்பது வரை அது சரி. ஆனால் 5, 6, 7 மூன்றும் ஏறக்குறைய ஒரே வலுவுள்ள புயலைத்தான் சொல்கின்றன. புயல் போகும் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கமா, வலப்பக்கமா, அல்லது புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமா என்பதுதான் அவற்றுக்குள் வேறுபாடு. 8, 9, 10 அதே மூன்று நிலைகள், தீவிரப் புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

நம் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்பக்கம், அதாவது கரை கடக்கும் இடத்துக்கு வடக்கே, காற்று கடலைக் கரைமேல் தள்ளும். 5க்கும் 6க்கும் இடையே இருப்பது அந்த வேறுபாடு. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! செய்தி வாசிப்பில் அது வெறும் எண்ணாகிக் கடந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

"தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்ற வரி இன்னும் மோசம். என் வீடு தாழ்வான பகுதியா என்று எனக்கு எப்படித் தெரியும்? 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையிலோ ஜாபர்கான்பேட்டையிலோ இருப்பவருக்குக் கன அடி எதற்கு? எந்தத் தெரு வரை தண்ணீர் வரும், எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும், எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, இவைதான் அவருக்குத் தேவை.

சரியாகச் சொன்னாலும் போய்ச் சேராத எச்சரிக்கையால் பயனில்லை. ஒக்கி 2017 நவம்பர் 29இல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 30 காலையில் புயல். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். கரையில் வாசித்த அறிவிப்பு அவர்களுடைய படகை எட்டவில்லை. அந்த ஊர்களின் இழப்பைப் பார்த்த பிறகும் எச்சரிக்கையை அறிக்கையோடு முடியும் வேலையாக நினைக்கக் கூடாது.

இப்போது வசதி இருக்கிறது. ஒரு செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள கைபேசிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில், எண் தெரியாமலே, அலறும் ஒலியோடு செய்தி அனுப்பலாம். 2023இல் சோதித்தும் பார்த்தார்கள். அதில் வட்டத்தின் (தாலுகாவின்) பெயர், நேரம், போக வேண்டிய முகாம், இவற்றை நேர்த்தமிழில் எழுத வேண்டும் என்று மாவட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்க வேண்டும், வார்டு கவுன்சிலரிடம் தொடங்கி.

நம் பங்குக்கு: குழுவில் சிவப்பு வரைபடம் வந்தால், அனுப்பும் முன் தேதியும் மாவட்டமும் பாருங்கள். போன வருடத்துப் படங்கள் நிறைய சுற்றுகின்றன. அதன் கீழே உங்கள் தெருவில் எங்கே முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டு மாடியில் இடம் இருக்கிறது என்று இரண்டு வரி சேருங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.