டிபிஎஃப்பை கழட்டச் சொல்லி வர்ற மெசேஜை நம்பாதீங்க

"பிஎஸ்6 கார்ல சட்டம் போட்டு பவரை குறைச்சுட்டாங்க, டிபிஎஃப் பில்டரை கழட்டுனா பழைய இழுவை வந்துரும்"னு மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது. தப்புங்க அது. டிபிஎஃப்னா டீசல் புகைல வர்ற கரியை பிடிச்சு வைக்கிற பில்டர்.

2020 ஏப்ரல் 1-ல வந்த பிஎஸ்6 புகைக்குத்தான் கட்டுப்பாடு, பவருக்கு இல்ல. டீசல் கார்ல நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம்ல இருந்து 80 ஆச்சு, கரித்துகள் அளவையும் குறைச்சாங்க. பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் கார் 106 பிஎஸ் (இது குதிரைத்திறன் அளவு, பிஎஸ்6 இல்ல), இப்ப ஹூண்டாய் வென்யூல 1 லிட்டர் டர்போ இன்ஜினே (காத்தை அழுத்தி உள்ள தள்ற விசிறி வச்சது) 120 பிஎஸ்.

ஆனா ஓட்டுற சுகம் குறைஞ்சது நெசம்தான், எனக்கும் அந்த வருத்தம் நிறைய இருக்கு. பாம்பன் பாலத்துல ஏறும்போது பழைய வண்டில மிதிச்ச உடனே கேபிள் இழுக்கும், இன்ஜின் சத்தம் கூடவே ஏறும், இப்ப பெடல்ல இருக்கிறது சென்சார், கம்ப்யூட்டர் பார்த்துத்தான் குடுக்குது, அதுக்கு மேல டர்போ சுத்தி வர்ற வரைக்கும் ஒரு சின்ன தயக்கம் வேற. இதுல எதுவும் டிபிஎஃப்பை கழட்டுனா திரும்பி வராது, கரும்புகைதான் வரும், வாரண்டியும் போயிரும்.

டிபிஎஃப் லைட் எரிஞ்சா ஈசிஆர்ல 20 நிமிஷம் நிக்காம 60-க்கு மேல ஓட்டுங்க, பெரும்பாலும் உள்ள சேர்ந்த கரி எரிஞ்சிரும், எரியலன்னா சர்வீஸுக்கு விடுங்க. பவர் கணக்கு கம்பெனி பிரௌச்சர்லயும், டிபிஎஃப் விவரம் வண்டியோட குடுத்த மேனுவல்லயும் இருக்கு, பாருங்க. அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீங்க.