சின்ன கேபினட்டுக்கு எந்த மதர்போர்டு? ஒரு ஏழரை சென்டிமீட்டர் பஞ்சாயத்து

"அண்ணா, சின்னதா ஒரு கேமிங் பிசி போடணும், நல்ல மினி ஐடிஎக்ஸ் போர்டு ஒண்ணு சொல்லுங்க" என்று இன்பாக்ஸுக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒருமுறை நீட்டி எழுதிவிட்டால் இனி லிங்க் அனுப்பினால் போதும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசி பெரிதாக இருப்பதற்குக் காரணம் கிராபிக்ஸ் கார்டு, கூலர் (சிபியுவின் சூட்டை எடுப்பது), எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), இந்த மூன்றும்தான். எல்லாப் பாகங்களும் செருகப்படும் பலகையான மதர்போர்டு பாவம், அதில் நாலாவது ஆள். மூன்றையும் முடிவு பண்ணாமல் போர்டின் அளவை முதலில் பிடித்துக்கொண்டு தொங்குகிற பலர் தேவையில்லாமல் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மினி ஐடிஎக்ஸைவிடக் கொஞ்சம் பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டே போதும்.

முதலில் அளவுகள். ஏடிஎக்ஸ் என்பது 1995-இல் இன்டெல் கொண்டுவந்தது, 305க்கு 244 மில்லிமீட்டர். அதைக் கீழ்ப்பக்கம் வெட்டி 244க்கு 244 சதுரமாக்கியது மைக்ரோ ஏடிஎக்ஸ், 1997. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170, அதை 2001-இல் கொண்டுவந்தது வியா என்ற கம்பெனி. அப்போது அவர்கள் மனதில் இருந்தது குறைந்த மின்சாரத்தில் சத்தமில்லாமல் ஓடும் குட்டிப் பெட்டிகள். அதன் ஒற்றை ஸ்லாட்டில் (கார்டு செருகும் இடம்) ஒருநாள் 250 வாட் குடிக்கும் கார்டைச் செருகுவார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்! திருகு ஓட்டைகளை மட்டும் பழைய ஏடிஎக்ஸ் இடங்களிலேயே வைத்தார்கள், நல்ல வேலை. அதனால் ஐடிஎக்ஸ் போர்டை எந்தப் பெரிய கேபினட்டிலும் மாட்டலாம் (பார்க்கத்தான் கல்யாண மண்டபத்தில் ஒற்றை நாற்காலி போட்ட மாதிரி இருக்கும்). மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை ஐடிஎக்ஸ் கேபினட்டில் மாட்ட முடியாது.

ஆக 244க்கும் 170க்கும் நடுவில் 74 மில்லிமீட்டர். ஏழரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இதற்குத்தான் இவ்வளவு பஞ்சாயத்து.

இப்போது ஒரு ஸ்கேலை எடுத்து வைத்துப் பாருங்கள். கேமிங் பிசி என்றால் கிராபிக்ஸ் கார்டு இருக்கும். ஒரு ஸ்லாட்டிலிருந்து அடுத்த ஸ்லாட்டுக்கு 20.32 மில்லிமீட்டர் இடைவெளி. கொஞ்சம் நல்ல கார்டு வாங்கினால் மூன்று ஸ்லாட் தடிமன் சர்வசாதாரணம். அந்தக் கார்டை ஐடிஎக்ஸ் போர்டின் ஒரே ஸ்லாட்டில் மாட்டினால் அது போர்டின் விளிம்பைத் தாண்டி இன்னும் இரண்டு ஸ்லாட் கீழே இறங்கும், சுமார் நான்கு சென்டிமீட்டர். கார்டுக்கான அந்த இடத்தைக் கேபினட் எப்படியும் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அப்போது உங்களுக்கு உயரத்தில் மிஞ்சியது மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஆழத்திலும் இதே கதைதான். போர்டு 17 சென்டிமீட்டர் என்று பெருமைப்பட்டாலும் மூன்று ஃபேன் கார்டு முப்பது சென்டிமீட்டர் நீளம், கேபினட் அதைவிட நீளமாகத்தானே இருக்கும்? வழக்கமான அமைப்பில், அதாவது கார்டு நேராகப் போர்டிலேயே செருகப்படும் கேபினட்டில், ஐடிஎக்ஸுக்குக் கொடுக்கிற கூடுதல் காசுக்குக் கிடைக்கிற இடம் அவ்வளவுதான்.

ஐடிஎக்ஸ் உண்மையிலேயே தன் வேலையைக் காட்டுவது சாண்ட்விச் கேபினட்டில். நடுவில் ஒரு தகடு, ஒரு பக்கம் போர்டு, மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு, இரண்டும் முதுகோடு முதுகாக, இரண்டையும் இணைக்க ஒரு ரைசர் கேபிள். டான் ஏ4 என்ற கேபினட் இப்படித்தான் 7.2 லிட்டரில் முழு கார்டை அடக்கியது. ஃபார்ம்டி டி1, ஃபிராக்டல் டெர்ரா எல்லாம் பத்து லிட்டரைச் சுற்றி இருப்பவை. அங்கே மைக்ரோ ஏடிஎக்ஸுக்கு வேலையே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினெட்டு, இருபது லிட்டருக்கு வந்துவிட்டால் ஆட்டம் மாறிவிடுகிறது. கூலர் மாஸ்டர் என்ஆர்200 ஐடிஎக்ஸ் கேபினட், 18.25 லிட்டர். வந்த காலத்தில் அருமையான பெட்டி, இன்றைக்கும் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் ஜோன்ஸ்போ இசட்20 வெறும் 20 லிட்டர், அதில் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டே உட்காரும். வித்தியாசம் இரண்டு தண்ணீர் பாட்டில் கூட இல்லை.

லிட்டர் கணக்கு புரியாதவர்களுக்கு: கேபினட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். ஆசஸ் ஏபி201 கேபினட் 35க்கு 20.5க்கு 46, வகுத்தால் 33 லிட்டர். வழக்கமான ஏடிஎக்ஸ் கேபினட்டுகள் 45, 50, அதற்கும் மேலே. விளம்பரத்தில் "காம்பாக்ட்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், கடையில் நிற்கும்போதே போனில் இந்தப் பெருக்கலைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது காசு. சென்னையில் ஏஎம்5 சாக்கெட்டுக்கு (ஏஎம்டியின் ரைசன் சிபியு உட்காரும் இடம்) ஓரளவு நல்ல மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு வாங்குகிற விலையோடு ஒப்பிட்டால், அதே சிப்செட் ஐடிஎக்ஸ் போர்டு ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை போகும். ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு சின்ன இடத்தில் அத்தனை வயரிங்கையும் ஓட்ட போர்டுக்குள் அடுக்குகள் அதிகம் தேவை, விற்பதும் கம்மி எண்ணிக்கை. பெரும்பாலும் வைஃபையும் சேர்ந்தே வரும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் செலவு போர்டோடு நிற்காது. சின்ன கேபினட்டில் பெரும்பாலும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு எஸ்எம்பிஎஸ்தான் போகும், அதே வாட்டுக்கு ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸைவிட விலை ஜாஸ்தி. குள்ளக் கூலர் தனி. ரைசர் கேபிள் கேபினட்டோடு வராவிட்டால் அதுவும் தனி. எல்லாம் கூட்டிப் பார்த்தால் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி மேலே போயிருக்கலாம். கேமுக்காகத்தான் பிசி என்றால் அந்தக் காசு போக வேண்டிய இடம் அதுதான், இதில் நான் யாரோடும் சமரசம் பண்ணத் தயாரில்லை.

சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி தெருவில் கேட்டால் இதற்கு நேர் எதிரான ஒரு வசனம் கிடைக்கும்: "ஐடிஎக்ஸ் வேணாம் சார், ஹீட் ஆயிடும்." இதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போர்டு சின்னதாக இருப்பதால் எதுவும் சூடாவதில்லை. சூடு வருவது சிபியுவிலிருந்தும் கார்டிலிருந்தும். ரைசன் 7 7800எக்ஸ்3டி சிபியுவுக்கு 120 வாட் என்று அதிகாரப்பூர்வமாகச் சொன்னாலும் கேம் ஓடும்போது பெரும்பாலும் 80 வாட்டுக்குள்தான் நிற்கும், ஆர்டிஎக்ஸ் 5070 கார்டுக்கு 250 வாட். நாலில் மூன்று பங்கு சூடு கார்டுடையது. அந்தக் கார்டின் ஃபேன்களுக்கு நேராகப் பக்கவாட்டில் ஓட்டை போட்ட தகடு இருக்கிறதா, கண்ணாடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கண்ணாடி போட்ட 30 லிட்டர் பெட்டியைவிட, கார்டு நேராக வெளிக்காற்றை இழுக்கும் 10 லிட்டர் சாண்ட்விச் பெட்டியில் கார்டு குளிர்ச்சியாக ஓடலாம்.

சென்னை வெயில் மட்டும் தனி விஷயம். வெளிநாட்டு ரிவியூக்களில் 21, 22 டிகிரி அறையில் அளந்து காட்டுவார்கள். மே மாதம் ஏசி போடாத நம்ம அறை 35-ஐத் தாண்டும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி சிபியுவும் ஏறும், ரிவியூவில் 75 என்றால் இங்கே 88. 7800எக்ஸ்3டிக்கு உச்ச வரம்பே 89. ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத குள்ளக் கூலரோடு அங்கே நிற்பது சரிவராது. ஏபி201 மாதிரி பெட்டியில் 170 மில்லிமீட்டர் கூலர் வரை போகும், மூவாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் இரட்டைக் கோபுரக் கூலரை மாட்டிவிட்டு மறந்துவிடலாம். ஏசி இல்லாத அறையில் பத்து லிட்டர் பெட்டி போடுவேன் என்று அடம்பிடித்தால் குறைந்தபட்சம் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) ஈகோ மோடாவது (சிபியு குடிக்கும் மின்சாரத்தைக் குறைப்பது) போட்டுக்கொள்ளுங்கள், கேமில் பெரிய இழப்பு தெரியாது.

அப்புறம் ராம் ஸ்லாட். "ஐடிஎக்ஸில் ரெண்டுதான் இருக்கு, மைக்ரோவில் நாலு இருக்கே" என்பது மைக்ரோ ஏடிஎக்ஸ் பக்கம் பேசுகிறவர்கள் தூக்கிக்கொண்டு வரும் வாதம். என் கட்சிக்காரர்கள்தான், ஆனாலும் இது சொத்தை வாதம். டிடிஆர்5 வகை ராமில் நாலு போட்டால் வேகம் விழும். ரைசன் 7000-க்கு இரண்டு ராம் என்றால் அதிகாரப்பூர்வ வேகம் 5200, நாலு போட்டால் 3600. ஒரு ஜோடியிலேயே 32, 64, 96 ஜிபி வரை கிடைக்கும்போது மிச்ச இரண்டு ஸ்லாட்டும் அழகுக்குத்தான். மலிவு மைக்ரோ போர்டுகள் பலவற்றில் இரண்டுதான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மைக்ரோவின் கூடுதல் கார்டு ஸ்லாட்டுகளும் அப்படியே. மூன்று ஸ்லாட் கார்டு மாட்டியதும் கீழே ஒன்றுதான் வெளியே தெரியும். கேப்சர் கார்டு (வீடியோ பதிவுக்கானது) போடுகிறவர்களுக்கு அது தங்கம், மற்றவர்களுக்கு வெறும் இடம்.

எனக்கு மைக்ரோ பிடிப்பதற்கு உண்மையான காரணம் கை நுழைவதுதான். ஐடிஎக்ஸ் அசெம்பிள் பண்ணியவர்களுக்குத் தெரியும், சிபியுவுக்குப் போகும் எட்டு முள் பவர் கேபிள் போர்டின் மேல் மூலையில், ஹீட் சிங்குக்கும் கேபினட் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தில் செருக வேண்டும். போர்டைத் திருகிவிட்டு அப்புறம் செருகலாம் என்று நினைத்தால் ஒரு விரல்கூடப் போகாது. கேபிளை முதலில் செருகி, அதோடு சேர்த்துப் போர்டைச் சாய்த்து இறக்க வேண்டும், கிளிப் "டக்" என்று விழுந்ததைக் காதால் கேட்டுத்தான் நம்ப வேண்டும். முன்பக்க யுஎஸ்பி 3 கேபிள் இன்னொரு வில்லன். தடியான, வளையாத வயர், பத்தொன்பது முள், கொஞ்சம் கோணலாக அழுத்தினால் முள் மடங்கிவிடும். பல ஐடிஎக்ஸ் போர்டுகளில் எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் போர்டின் பின்பக்கம். கேபினட் தகட்டில் அங்கே ஓட்டை விடாவிட்டால் எஸ்எஸ்டி மாற்ற மொத்தத்தையும் கழற்ற வேண்டியதுதான். இதெல்லாம் ஒருநாள் கூத்து என்றுதான் தோன்றும். ஆனால் நம்ம ஊர் தூசிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் பண்ண வேண்டும், அப்போதெல்லாம் இந்தக் கூத்து திரும்ப வரும்.

வாரண்டியையும் யோசியுங்கள். நண்பர் ஒருவரின் ஐடிஎக்ஸ் போர்டு போய்விட்டது, கம்பெனி பெயர் வேண்டாம். மாற்றிக் கொடுக்க ஸ்டாக் இல்லை என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள், கடைசியில் வேறு மாடல் தந்தார்கள், அதில் ஃபேன் சொருகும் இடம் ஒன்று கம்மி. இங்கே வரும் ஐடிஎக்ஸ் மாடல்களே விரல்விட்டு எண்ணும் அளவுதான், அவசரத்துக்குக் கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்றாலும் இருக்காது.

சரி, அப்படியென்றால் யார் ஐடிஎக்ஸ் வாங்கலாம்? பிசியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். ஹாஸ்டலில் இருந்துகொண்டு லீவுக்கு ஊருக்கு எடுத்துப் போகிறவர், சென்னைக்கும் பெங்களூருக்கும் மாறி மாறி இருக்கிறவர், விமானத்தில் 7 கிலோ கேபின் பைக்குள் அடக்கப் பார்க்கிறவர். இவர்களுக்குப் பத்து லிட்டர் பெட்டி வரம்தான். டிவிக்குக் கீழே அலமாரியில் வைக்கிறவர்களும் சரி. இன்னொரு வகை, "எனக்கு டெர்ராவின் முன்னாடி இருக்கும் அந்த வால்நட் மரத் துண்டு பிடிச்சிருக்கு, அதனால வாங்குறேன்" என்பவர்கள். அவர்களிடம் நான் வாயே திறக்க மாட்டேன், ஆசைக்கு என்ன கணக்கு. ஆனால் மேசைக்குக் கீழேயோ மேலேயோ வைத்துவிட்டு மூன்று வருடம் நகர்த்தாத பிசிக்கு 20லிருந்து 33 லிட்டருக்குள் ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ் பெட்டி போதும். லியான் லி ஏ3 26 லிட்டர் சொச்சம், டான் கேஸஸோடு சேர்ந்து பண்ணியது, என் கணக்கில் இப்போதைக்கு நடுவாந்தர இடத்தில் உட்காரும் பெட்டி அதுதான்.

எந்த அளவு எடுத்தாலும் கார்டின் மூன்று அளவுகளையும் பாருங்கள், நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் அதிகம். பவர் கேபிள் வளைய இடம் வேண்டும் என்பதே ஞாபகத்தில் இருக்காது. 2024-இல் என்விடியா சின்னப் பெட்டிகளுக்கென்று ஒரு வரம்பு சொன்னது, கேபிள் வளைவையும் சேர்த்து 304க்கு 151க்கு 50 மில்லிமீட்டர். கார்டு அந்த வரம்புக்குள் இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

சாண்ட்விச் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. போர்டு ஸ்லாட் பிசிஐஇ 5.0 தலைமுறை, கார்டும் 5.0, ரைசர் கேபிள் மட்டும் 4.0 என்று அமைந்தால் முதல் தடவை ஆன் பண்ணும்போது திரை கறுப்பாகவே நிற்கலாம். போர்டு செத்துவிட்டது என்று பயந்து கடைக்கு ஓடாதீர்கள், பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 4 (அதாவது 4.0 தலைமுறை) என்று மாற்றினால் சரியாகிவிடும், வேகத்தில் வித்தியாசமும் தெரியாது. ஆனால் பயாஸுக்குள் போகவே திரை வேண்டுமே, அதற்கு மானிட்டர் கேபிளைப் போர்டில் சொருகி சிபியுவின் சொந்த கிராபிக்ஸில் பார்க்க வேண்டும். விலை கம்மி என்று எல்லோரும் வாங்கும் ரைசன் 5 7500எஃப்பில் அது கிடையாது. 7600-இல் உண்டு.