வரிசையில் நின்ற வீட்டுப் பிள்ளைக்கும் வழி இல்லை

எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஞாயிறுதோறும் வாண்டுகளுக்கு அ, ஆ எழுதப் பழக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். மூன்று வயதில் பெற்றோரோடு டாலஸ் வந்தவள். போன மாதம் 21 வயது ஆனது. எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் அம்மா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்தார். பழைய எச்-4 தாள்கள் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) மேலே, புதிதாக வந்த மாணவர் விசா ஒப்புதல் அடியில். "பதினெட்டு வருஷம் இங்கேயே வளர்ந்த பிள்ளை தம்பி, இப்ப வெளிநாட்டு மாணவியாம்" என்றார். 21 வயதோடு பிள்ளைகளுக்கு எச்-4 முடிந்துவிடும், அப்பாவின் கிரீன் கார்டோ இன்னும் வரிசையில்தான் இருக்கிறது. வருடந்தோறும் தரும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கும்வரை இந்தியர்களின் வரிசை சீக்கிரம் நகராது.

சிறுவயதில் அமெரிக்கா வந்து, நிரந்தர வசிப்புரிமை இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு அதைப் பெற வழி தரும் மசோதாதான் ட்ரீம் சட்டம். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: "நாம முறையா வரிசையில் நின்னோம், அவங்களுக்கு மட்டும் ஏன் சலுகை?" நானும் அப்படிச் சொன்னவன்தான். மசோதாவைப் படித்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

இனாமாக எதையும் அது தரவில்லை. 2021-இல் பிரதிநிதிகள் சபையில் 228-197 என்று நிறைவேறியதை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குள் வந்திருக்க வேண்டும், குற்றப் பின்னணி இருக்கக் கூடாது. முதலில் பத்து வருடத்துக்கு நிபந்தனையோடு வசிப்புரிமை. அதற்குள் கல்லூரிப் படிப்போ, ராணுவ சேவையோ, மூன்று வருட வேலையோ காட்டினால்தான் நிபந்தனை நீங்கும். எச்-1பி பெற்றோரின் பிள்ளைகளையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஆமாம், நம்ம வீட்டுப் பிள்ளைகளைத்தான்! செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

இது புதுக் கதையும் இல்லை. 2001-இல் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹேட்சும் ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினும் சேர்ந்து கொண்டுவந்தது. 2010 டிசம்பரில் செனட்டில் 60 வாக்கு தேவை, கிடைத்தது 55. அப்புறம் 2012-இல் ஒபாமா கொண்டுவந்த டாக்கா (DACA), சிறுவயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் வேலை அனுமதி தரும் தற்காலிகத் திட்டம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம், ஆனால் அதிலிருந்து கிரீன் கார்டுக்குப் பாதை கிடையாது. அதுவும் 2012 ஜூன் 15 அன்று முறையான விசாவில் இருந்தவர்களுக்கு இல்லை. சட்டத்தை மதித்து விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதனாலேயே கதவு சாத்தப்பட்டது. இது எனக்கு ஆறவே இல்லை.

நிபந்தனை போடட்டும், பத்து வருடம் என்றாலும் சரி. அந்தப் பெண் எல்லாவற்றையும் நிறைவேற்றிக் காட்டுவாள். முதலில் ஒரு பாதையைத் திறந்துவிட வேண்டும். எல்லை தாண்டிவந்த பிள்ளைக்கும் அதேதான். மூன்று வயதுக் குழந்தையிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் எங்கள் இரண்டு செனட்டர்களுக்கும் கடிதம் எழுதப் போகிறோம். அவளும் எழுதுகிறாள். டாலஸ் பக்கம் இருப்பவர்கள் வாருங்கள்.